ஏசி வேலைக்கு புதுசா வாரீங்களா? எந்த டூல மொதல்ல வாங்கணும், எத அப்புறமா வாங்கணும்

ஏசி வேலை படிக்க வார பயலுவ எல்லாரும் மொதல்ல கேக்குத கேள்வி ஒண்ணுதான், "அண்ணே எந்த கேஜ் வாங்கலாம்?" கேஜ்னா ஏசிக்குள்ள கேஸ் பிரஷர் எவ்வளவுன்னு காட்டுத மீட்டரு. கழுத்துல செவப்பு, நீலம், மஞ்சன்னு அதோட ஹோஸ தொங்கப் போட்டுக்கிட்டு தட்டட்டியில நிக்குதவன்தான் மெக்கானிக்குன்னு ஒரு நெனப்பு ஓடுது. நான் சொல்லப்போறது அதுக்கு நேர் எதிரு. கேஜ் பைய வாங்கிக்கிடலாம். வீட்டு ஏசியில வார கம்ப்ளைண்ட்ல முக்காவாசி அழுக்கு, கரண்ட், கெப்பாசிட்டர், சென்சார், இன்டோர்ல தண்ணி ஒழுகுதது, இப்படித்தான் இருக்கும். கேஸ் வேலை வந்தாலும் உங்கள கூட்டிட்டுப் போற மெக்கானிக் அண்ணன் கையில கேஜ் இருக்கும், புதுசா வந்த ஹெல்பர் கையில அத உடனே யாரும் குடுக்க மாட்டாவ.

அதனால கணக்கு இதுதான்: இன்னைக்கு உங்கள நம்பி எந்த சோலிய விடுதாவளோ அதுக்கு உண்டான டூல மட்டும் வாங்குங்க, ஆனா அத நல்லதா வாங்குங்க. ஆன்லைன்ல ஒரு பொட்டி நெறைய ஐட்டம் அடுக்கி "ஃபுல் கிட்"னு விக்கிதாங்க, பாக்க அம்சமா இருக்கும், உள்ள இருக்குற, செம்புப் பைப்பு வாய விரிக்கிற ஃப்ளேரிங் டூல்ல பைப்ப மாட்டி இறுக்குனா பைப்பு வழுக்கும், கட்டரோட வீல் கோணலா ஓடும், அப்புறம் அதே டூல ஒவ்வொண்ணா கடையில போயி மறுபடி வாங்கணும், ரெண்டு செலவு.

ஐடிஐல படிக்கிற ஆளுன்னா இன்னும் சுலபம். திருநெல்வேலி பேட்டையோ வேற ஊரோ, ஐடிஐல இந்த ட்ரேடு 2 வருஷம், பைப்புக்குள்ள உள்ள காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்குற வேக்யூம் பம்ப்பு, வெல்டிங் செட்டு மாதிரி பெரிய சாமான் எல்லாம் ஒர்க்‌ஷாப்புலயே பழகிக்கிடலாம், சொந்தமா வேண்டாம். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு வந்த பயலுவளுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்துல, பொம்பளப் பிள்ளைகளுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருதுல்லா, அதுல கொஞ்சம் ஒதுக்கி வச்சாலே படிச்சு முடிக்கதுக்குள்ள மொத செட்டு கைக்கு வந்துரும்.

மொத செலவு மீட்டருக்கு

துட்டு இருக்குறதுலயே பெரிய பங்க இதுல போடுங்க. கிளாம்ப் மீட்டர் வாங்கணும், சாதா மல்டிமீட்டர் இல்ல. அதுல என்னென்ன இருக்கணும்னா ஆம்ப்ஸ் பாக்குத கிளாம்ப், ஏசி வோல்ட், டிசி வோல்ட், ஓம்ஸ், பீப் அடிக்கிற கன்டினியூட்டி, அப்புறம் கெப்பாசிட்டர் பாக்குத மைக்ரோஃபேரட். இந்த கடைசி ஒண்ணு இல்லாத மீட்டர எவ்வளவு கம்மியா குடுத்தாலும் வாங்காதீங்க. மீட்டர் முகத்துலயே கேட் 3 (CAT III, மீட்டரோட சேஃப்டி தரம்), 600 வோல்ட்னு அச்சடிச்சிருக்கான்னு பாத்துக்கிடுங்க, ஏன்னா இன்வெர்ட்டர் ஏசி போர்டுல 230 வோல்ட் உள்ள போயி 300க்கு மேல டிசியா மாறி நிக்கும், மெயின ஆஃப் பண்ணுன பெறவும் போர்டுல உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல அது கொஞ்ச நேரம் கெடக்கும். சில நிமிஷம் விட்டு, டிசி வோல்ட்ல வச்சு அளந்து பாத்துட்டுத்தான் கைய வைக்கணும்.

கடையிலயே செக் பண்ணிருங்க, வெக்கப்படாதீங்க. ரெண்டு புரோபையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவச்சா பீப் உடனே அடிக்கணும், இழுத்து இழுத்து அடிச்சா வேண்டாம். கடைக்காரர் பிளக் பாயிண்ட்ல வோல்ட் பாருங்க. அப்புறம் "அண்ணாச்சி, புது ஃபேன் கெப்பாசிட்டர் ஒண்ணு காட்டுங்க"ன்னு கேட்டு வாங்கி அளந்து பாருங்க, 2.5னு போட்டுருந்தா 2.5க்கு பக்கத்துல காட்டணும். இவ்வளவும் செய்ய ரெண்டு நிமிஷம் போதும், நல்ல கடைக்காரர் ஒண்ணும் நெனைக்க மாட்டார்.

இந்த ஒரு மீட்டர வச்சுக்கிட்டு என்ன செய்யலாம்னு பாருங்க. அவுட்டோர் ஃபேன் ஓடுது, கம்ப்ரசர் மட்டும் "உம்ம்"னு உறுமிட்டு டக்குனு நின்னுருது, வீட்டுக்காரர் "கேஸ் போயிட்டு போல தம்பி"ன்னு அவரே முடிவும் பண்ணியாச்சு. மெயின ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணி, அதாவது உள்ள தேங்கிக் கெடக்குற கரண்ட இறக்கி, ஒயர கழத்தி அளக்குதீங்க, மேல 45னு எழுதியிருக்கு, மீட்டர்ல 28 காட்டுது. அவ்வளவுதான் கதை, கம்ப்ரசர கெளப்புத கெப்பாசிட்டர்தான் போச்சு. கேஜே வெளிய எடுக்கல. டிஸ்சார்ஜ் பண்ண திருப்புளிய குறுக்க வச்சு "டப்"புனு பொறி பறக்கவிடுத பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி, அது வேண்டாம். ஒரு ஹோல்டர்ல ரெண்டு ஒயர் இழுத்து பழைய குண்டு பல்ப மாட்டி வச்சுக்கிடுங்க, அத ரெண்டு முனையிலயும் தொட்டா போதும், இது கடையில விக்காது, நாமளே செய்யணும்.

ஆம்ப்ஸ் பாக்கும்போது ஒரே ஒரு ஒயர மட்டும் கிளாம்புக்குள்ள விடணும். மூணு கோர் கேபிள அப்படியே சேத்துப் பிடிச்சா பேஸும் நியூட்ரலும் ஒண்ண ஒண்ணு அடிச்சு சைபர் காட்டும், மீட்டர் கெட்டுப்போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு வந்த பயலுவ உண்டு. பழைய டைப் 1.5 டன் ஏசி 7, 8 ஆம்ப்ஸ் பக்கத்துல இழுக்கும். இன்வெர்ட்டர்னா ஸ்பீடு மாறுதுக்கு தக்கன கூடும் கொறையும், ஒரு நம்பர பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. சென்சார் சந்தேகம்னா கழத்தி ஓம்ஸ்ல வச்சுட்டு விரலால பொத்திப் பிடிங்க, சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்கணும், இறங்கலன்னா அது போச்சு. அப்புறம் சித்திர வைகாசியில ராத்திரி எல்லா வீட்டுலயும் ஏசி ஓடும்போது, லைன் கடைசியில இருக்குற வீட்டுல வோல்டேஜ் படுத்துரும், கம்ப்ரசர் ஓடும்போதே வோல்ட் பாத்துட்டுத்தான் மூடிய கழத்தணும். பகல்ல போயி பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்தா ராத்திரி திரும்ப போன் வரும்.

கை டூல்ஸ்

இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல, தப்பாரியா மாதிரி தெரிஞ்ச கம்பெனியா வாங்குங்க, டவுன்லயும் ஜங்ஷன்லயும் எந்த ஹார்டுவேர் கடையிலயும் கெடைக்கும். ஸ்டார், பட்டை ரெண்டு மொனையிலயும் ஒரு நீளத் திருப்புளி, ஒரு குட்டத் திருப்புளி, டெஸ்டர், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், ஒயர் ஸ்ட்ரிப்பர், ஆலன் கீ செட்டு. அவுட்டோர் வால்வ திறக்க 4, 5 எம்எம் ஆலன் கீதான் பெரும்பாலும் வேணும், அது மழுங்குனதா இருந்தா வால்வோட குழிய தின்னுரும், அந்த வால்வ அப்புறம் திறக்க ஆண்டவனே வரணும்.

ஸ்க்ரூ ஸ்பேனர் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு பத்தாது. ஃப்ளேர் நட்ட இறுக்கும்போது ஒரு ஸ்பேனர் நட்டுல, இன்னொண்ணு எதிர்ப்பக்கம் பிடிக்க. ஒத்த ஸ்பேனர்ல மல்லுக்கட்டுனா இன்டோர் பக்கம் உள்ள செம்புப் பைப்பு முறுக்கிக்கிடும். ஃபிக்ஸட் ஸ்பேனரா வாங்குதீங்கன்னா 1/4 நட்டுக்கு 17, 3/8க்கு 22, 1/2 இஞ்சுக்கு ஆர் 32 கேஸ் உள்ள ஏசியில 26, பழைய ஆர் 22 கேஸ் ஏசியில 24. இந்த 24, 26 வித்தியாசம் தெரியாம ஒரே ஸ்பேனரோட போயி நிக்காதீங்க.

கூடவே கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, வழுக்காத ஷூ. செருப்போட ஏணியில ஏறாதீங்க. சேஃப்டி பெல்ட் வேலை குடுக்குத கம்பெனி குடுக்கணும், குடுக்கலன்னா நீங்களே வாங்குங்க. ஆனி ஆடியில நம்ம பக்கம் அடிக்கிற காத்து தெரியும்லா, அந்த காத்துல ரெண்டாவது மாடி சன்ஷேடுல அவுட்டோர் மூடிய கழத்துனா மூடியும் நாமளும் சேந்து போற நெலம வரும்.

சர்வீஸ் செட்டு, சம்பாத்தியம் இதுலதான் தொடங்குது

புதுசா வந்தவனுக்கு மொதல்ல கெடைக்கிற சோலி வாட்டர் சர்வீஸ்தான். அதுக்கு ஒரு சின்ன ஜெட் பம்ப்பு, இன்டோர சுத்தி கட்டுத சர்வீஸ் கவர், ஒரு ப்ளோயர், ரெண்டு வாளி, பழைய பிரஷ், துணி. பம்ப்புல ரொம்ப பவர் பாக்காதீங்க, அலுமினிய ஃபின் படுத்துரும், படுத்தா நிமித்த ஃபின் சீப்பு ஒண்ணு வச்சுக்கிடணும். உவரி, இடிந்தகரை பக்கம் கடக்காத்துல இருக்குற அவுட்டோர்னா ஃபின் ஏற்கனவே உப்பரிச்சு பொடிப்பொடியா நிக்கும், அங்கன தண்ணிய தூரத்துல இருந்து மெதுவாத்தான் அடிக்கணும், சீப்பும் போடக்கூடாது. டிரைன் அடைப்பு எடுக்க ப்ளோயர் போதும்.

பைப் வேலை: ஃப்ளேர் ஒழுங்கா இருந்தா கேஸ் போகாது

மாட்டிக் கொஞ்ச நாள்ல கேஸ் கொறையுதுன்னு வார ஏசிகள்ல பெரும்பாலும் குத்தம் ஃப்ளேர் நட்டுலதான் இருக்கும். அதனால மீட்டருக்கு அடுத்த துட்டு இங்க போகணும். நாலு சாமான்: டியூப் கட்டர், வெட்டுன வாய சுரண்டி சுத்தம் பண்ணுத ரீமர், ஃப்ளேரிங் டூல், பைப்ப நசுங்காம வளைக்க பெண்டிங் ஸ்ப்ரிங். எடமில்லாத மூலையில வெட்ட ஒரு குட்டி கட்டரும் வாங்கிட்டா நல்லது. கட்டர வாங்கும்போது ஒரு துண்டு பைப்ப கொண்டு போங்க. வச்சு ஒரு சுத்து சுத்துனா வீல் போட்ட கோடு தொடங்குன எடத்துலயே வந்து சேரணும், திருகாணி மரை மாதிரி ஏறிப்போச்சுன்னா அந்த கட்டர் வேண்டாம்.

ஃப்ளேரிங் டூல்ல கோன் நேரா இறங்குதது ஒண்ணு, ஓரமா சாய்ஞ்சு உருண்டு உருண்டு விரிக்கிற எக்சென்ட்ரிக் டைப் ஒண்ணு. ரெண்டாவத வாங்குங்க, வெல கூடத்தான், ஆனா கைப்பழக்கம் இல்லாதவனுக்கும் ஓரளவு சமமா விரியும்.

செய்முறைய சொல்லுதேன், ஐடிஐல சொல்லிருப்பாவ, இருந்தாலும் கேளுங்க. பைப்ப வெட்டும்போது கட்டர ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சங்கொஞ்சமா இறுக்கணும், ஒரேயடியா இறுக்குனா பைப்பு வாய் உள்ள மடங்கிரும். வெட்டுன வாய கீழ பாத்தாப்ல பிடிச்சுக்கிட்டு ரீமர் போடுங்க, அப்பத்தான் சுரண்டுன செம்புத்தூள் வெளிய விழும், மேல பாத்து பிடிச்சா அம்புட்டும் உள்ள போயி கம்ப்ரசருக்குப் போகும். ரீமர் போடாத வாயில ஃப்ளேர் அடிச்சா ஓரத்துல கீறல் விடும், ரொம்ப போட்டா வாய் மெலிஞ்சு பிளந்துரும். அப்புறம் நட்டு. மொதல்ல நட்ட பைப்புல போட்டுட்டுத்தான் ஃப்ளேர் அடிக்கணும். அழகா ஃப்ளேர் அடிச்சு முடிச்சு நிமிரும்போது "ஏல, நட்ட போட்டியால?"ன்னு மேல இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தம் கேக்காத ஹெல்பரே இந்த தொழில்ல கெடையாது.

டூல்ல பைப்ப எவ்வளவு வெளிய நீட்டி வைக்கணும்ங்கிறது முக்கியம். ஆர் 32, ஆர் 410ஏக்குன்னே வார கிளட்ச் டூல்ல (விரிஞ்சு முடிஞ்சதும் தானா வழுக்கி நிக்கிற டைப்) அரை எம்எம்முக்குள்ள, பழைய கிளட்ச் டூல்னா 1ல இருந்து 1.5 எம்எம். அடிச்சு எடுத்ததும் போன் டார்ச்ச போட்டு உள்பக்கம் பாருங்க. கண்ணாடி மாதிரி சுத்திலயும் ஒரே பளபளப்பா, ஒரே அகலமா இருக்கணும். ஒரு பக்கம் அகலம் கூட, ஓரத்துல மயிரிழை கீறல், நடுவுல ஒரு கோடு, இதுல எது இருந்தாலும் வெட்டிப் போட்டுட்டு மறுபடி அடிங்க, ரெண்டு இஞ்ச் பைப்ப பாத்து அழாதீங்க. நட்ட கையால சுத்துற வரைக்கும் கையாலேயே ஏத்தணும், அப்புறம் ஸ்பேனர். இறுக்குத பலத்த அளந்து காட்டுத டார்க் ரெஞ்ச் அப்புறமா வாங்கிக்கிடலாம், ஆனா கையில இருக்குதவங்ககிட்ட ஒரு தடவ வாங்கி இறுக்கிப் பாருங்க. 1/4 நட்டுக்கு சுமார் 15 நியூட்டன் மீட்டர், 1/2 இஞ்சுக்கு 50க்கு மேல. 1/4க்கு எவ்வளவு கம்மி பலம் போதும்னு அப்பத்தான் கைக்கு தெரியும், நம்ம பயலுவ பலத்த எல்லாம் காட்டி அந்த சின்ன நட்டத்தான் பிளக்குதாங்க.

வீட்டுல பழகணும்னா பழைய பைப்புத் துண்டுகள ஆக்கர் கடையில எடைக்கு வாங்கிக்கிடலாம்.

இப்ப கேஜ், தராசு, வேக்யூம் பம்ப்பு

இந்த மூணையும் சேத்தே பாருங்க, ஏன்னா கேஜ் மட்டும் வச்சுக்கிட்டு கேஸ் ஏத்துனா அது அரைகொறை சோலி.

கேஜ் ஆர் 32, ஆர் 410ஏ தாங்குற மாடலா இருக்கணும், ஹை பிரஷர் பாக்குத செவப்புப் பக்கம் 800 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுதது. பழைய ஆர் 22 கேஜ யாராவது சும்மா குடுத்தாலும் புது ஏசியில மாட்டாதீங்க. 40 டிகிரி வெயில்ல தட்டட்டியில ஆஃப் ஆகி கெடக்குற ஆர் 22 ஏசிக்குள்ள 210 பிஎஸ்ஐ கிட்ட நிக்கும், அதே வெயில்ல ஆர் 32க்கு 340ஐ தாண்டும். மெஷின் ஓடாமலே இவ்வளவு. பழைய நீலக் கேஜ் முள்ளு கடைசியில போயி முட்டி வளைஞ்சுரும், ஹோஸும் அதுக்கு ஆனது இல்ல. அதோட புது ஏசி நெறையத்துல ஹோஸ் மாட்டுத வாய், சர்வீஸ் போர்ட்னு சொல்லுவாவ, அது 5/16, பழைய ஹோஸ் 1/4, அதனால ஒரு அடாப்டர் வாங்கி கேஜோடயே கட்டிப் போட்டு வைங்க, தனியா போட்டா தொலையும்.

தராசு ஏன்னு கேப்பீங்க. இன்வெர்ட்டர் ஏசியில கம்ப்ரசர் ஸ்பீடு மாறிக்கிட்டே இருக்கும், பிரஷர பாத்து "போதும்"னு நிறுத்துறது குத்துமதிப்புதான். அவுட்டோர் பக்கவாட்டுல ஸ்டிக்கர்ல எத்தன கிராம்னு எழுதியிருக்கும், வேக்யூம் பண்ணிட்டு அத எடை போட்டு ஏத்துனா கண்ண மூடிட்டு வரலாம். ஃப்ரிட்ஜ் சோலியும் பாக்கப் போறீங்கன்னா ஒரு கிராம் வித்தியாசம் காட்டுத தராசா வாங்குங்க, ஆர் 600ஏ ஃப்ரிட்ஜ்ல மொத்தமே 40, 60 கிராம்தான் போடுதோம், பத்து கிராம் கூடுனாலே வேலை செய்யாது.

வேக்யூம் பம்ப்பு டூ ஸ்டேஜ் வாங்குங்க. வீட்டு ஏசிக்கு ரொம்ப பெருசு தேவையில்ல, பைக்ல தூக்கிட்டுப் போற கனமா இருந்தா போதும். பம்ப்புல திரும்பி வராம தடுக்குற செக் வால்வு இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. நம்ம ஊர்ல பாதி வேக்யூம்ல கரண்ட் போறது சகஜம், வால்வு இல்லாத பம்ப்புன்னா அந்த நிமிஷமே பம்ப் ஆயில ஏசிக்குள்ள உறிஞ்சிரும். ஆயில் பால் மாதிரி வெளுத்துருந்தா தண்ணி கலந்துருக்குன்னு அர்த்தம், உடனே மாத்திருங்க, ஐப்பசி கார்த்திகையில இது அடிக்கடி வரும். துட்டு சேந்தா வேக்யூம் எவ்வளவு ஆழம்னு நுணுக்கமா காட்டுத மைக்ரான் கேஜ் ஒண்ணு, 500 மைக்ரானுக்கு கீழ வந்து அங்கயே நின்னாத்தான் உள்ள ஈரமும் லீக்கும் இல்லன்னு நம்பலாம், சாதா கேஜ் முள்ளு இத காட்டாது.

பம்ப்பு வாங்க சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு, அவுட்டோர்ல இருக்குற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு காத்த தள்ளுத வித்தை இன்னும் நடக்குது. ஆர் 32 தீப்பிடிக்கிற கேஸ், ஆர் 290 அதவிட மோசம், ரெண்டும் காத்தவிட கனம், தரையோட கெடக்கும். பக்கத்துல பிளக் பொறிஞ்சா என்னாகும்னு யோசிச்சுக்கிடுங்க.

வெல்டிங், நைட்ரஜன், டிரில்லு

இது மூணும் கடைசி. ஹேண்ட் டார்ச் ஒண்ணு வாங்கி செம்புக்கு செம்பு ஒட்டப் பழகலாம், அதுக்கு ஃப்ளக்ஸ் (ஒட்டுத எடத்த சுத்தமாக்குத பசை) வேண்டாம், செம்பையும் இரும்பையும் ஒட்டணும்னா சில்வர் ராடும் ஃப்ளக்ஸும் வேணும். ஃப்ரிட்ஜ் ஆர் 600ஏன்னா கேஸ சுத்தமா வெளியேத்தி, ஜன்னல திறந்து போட்டு, பெரிய மெக்கானிக் பக்கத்துல நிக்காம டார்ச்ச பத்த வைக்கவே கூடாது. நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கு கெடைக்கும், ரெகுலேட்டர் மட்டும் சொந்தமா வாங்குங்க. நைட்ரஜன் இல்லன்னு வெல்டிங் ஆக்ஸிஜன விட்டு லீக் பாக்க யாராச்சும் சொன்னா அந்த எடத்த விட்டே வந்துருங்க, ஆக்ஸிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேந்தா வெடிக்கும், இதுல விளையாட்டே கெடையாது. நைட்ரஜன ஏத்திட்டு லீக் எங்கன்னு பாக்க சோப்புத் தண்ணி போதும்.

டிரில்லிங் மெஷின், கோர் பிட் எல்லாம் தினமும் இன்ஸ்டலேஷன் கெடைக்கிற வரைக்கும் வாடகைக்கே எடுங்க. ரசமட்டம் மட்டும் சொந்தமா வேணும், இன்டோர் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாஞ்சாலும் தண்ணி சொவத்துல வடியும்.

பழைய டூல் வாங்கலாமா

வாங்கலாம். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவுல இருந்து திரும்பி வந்த அண்ணன்மார்கிட்ட அருமையான டூல்ஸ் கெடக்கும், அங்க அவுக நல்ல சாமானாத்தான் வாங்கியிருப்பாவ. பம்ப்பு, டிரில்லு மாதிரி கரண்ட்ல ஓடுறதுன்னா பிளேட்ட படிங்க, 110 வோல்ட்டா, 60 ஹெர்ட்ஸான்னு, நமக்கு 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். கேஜ்ல முள்ளு சைபர்ல நிக்குதா, ஹோஸ் முனையில ரப்பர் வாஷர் வெடிச்சிருக்கா, இத பாருங்க. பழைய மீட்டர் மட்டும் வேண்டாம், எத்தன தடவ கீழ விழுந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாவ.

எல்லாத்தையும் போட இரும்புப் பொட்டி வேண்டாம், பைக்ல, டிவிஎஸ் எக்ஸெல்ல வச்சுப் போக கனமான கேன்வாஸ் பை நல்லது, மீட்டர் தனி உறையில. ஒவ்வொரு டூலுலயும் ஒரே கலர்ல பெயிண்ட்ட தொட்டு வச்சுருங்க, பெரிய சைட்ல நாலு பேர் டூல்ஸ் கலந்து கெடக்கும்போது எது யாருதுன்னு சண்ட வராது, மூட்ட கட்டும்போது எது கொறையுதுன்னும் ஒரு பார்வையில தெரிஞ்சுரும்.